குடிமகனும் சவரக் கத்தியும்: ஊவாப் பெருந்தோட்டச் சமூக வரலாற்றில் ஒரு நோக்கு

1

மலையகத் தமிழரின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகிய மூன்றையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. இம்மூன்றும் அம்மக்களின் இருப்பைத் தீர்மானித்த காரணிகளாதலின் அது இயல்பேயாகும். ஆயினும், ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்நிலையை நுணுகி அறிவதற்கு, அவர்தம் கையிற் புழங்கிய சிறு பொருள்களின் வரலாறும் இன்றியமையாதது. உண்ட அரிசிக்கும் உடுத்த துணிக்கும் வரலாறு உண்டென ஒப்புக்கொள்ளும் நாம், முகம் மழித்த கத்திக்கும் ஒரு வரலாறு உண்டென்பதைப் போதிய அளவு கவனித்தோமல்லோம். சவரம் என்பது மிகச் சாதாரணமான செயல் என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம்.

உண்மையில், யார் யாருக்குச் சவரம் செய்வது, எக்கருவியாற் செய்வது, அதற்கான செலவு எவர் கூலியிலிருந்து எவ்வழியாகக் கழிவது என்னும் வினாக்களை எழுப்புவோமாயின், சாதியமைப்பு, உற்பத்தி உறவு, உலகச் சந்தை ஆகிய மூன்றும் ஒரு தொழிலாளியின் தாடையிற் சந்திப்பதைக் காணலாம். பதுளை நகரையும் அதனைச் சூழ்ந்த பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளின் தோட்டங்களையும் மனத்திற் கொண்டு, இப்பொருளை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வலியின்றி, கையிலுள்ள காசுக்குள் முகத்தைத் துப்புரவாக வைத்துக்கொள்ளுதல் என்னும் எளிய தேவை, ஊவாத் தோட்டத் தொழிலாளிக்கு எவ்வாறு நிறைவேறிற்று, எவ்வாறு மறுக்கப்பட்டது என்பதே நாம் விடைகாண முயலும் வினா.

2

முதலிற் சொல்லை நோக்குவோம். இன்று ‘குடிமகன்’ என்றால் நாட்டின் உரிமை பெற்ற பிரசை என்று பொருள். ஆனால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாவிதரைக் குறிக்கும் வழக்குச் சொல்லாகவும் அது நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. ஊர்க் குடிகளுக்குப் பரம்பரையாகத் தொண்டூழியம் செய்யக் கடமைப்பட்டோர் குடிமக்கள் எனப்பட்டனர். நாவிதரும் வண்ணாரும் இவர்களுள் முதன்மையானோர். யாழ்ப்பாணத்திலும் இவ்வுறவு ‘குடிமை’ என்றே வழங்கிற்று. ஆகவே குடிமை என்னும் ஒரே சொல் ஒரு காலத்தில் அடிமைத் தொண்டினையும், பிறிதொரு காலத்தில் அரசியல் உரிமையினையும் சுட்டி நின்றமை மனங்கொள்ளத்தக்கது. சொற்பொருள் மாற்றம் தானாக நிகழ்வதன்று. சமூக உறவுகள் மாறுகையில், அல்லது மாற்றப்படுகையில், சொல்லும் புதிய பொருளை ஏற்கின்றது.

நிலவுடைமைக் கிராமத்தில் நாவிதருக்கு ஒவ்வொரு முறையும் காசு கொடுக்கும் வழக்கம் இருக்கவில்லை. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் அவருக்குரிய நெல் அளக்கப்பட்டது. அதற்கு ஈடாக ஆண்டு முழுவதும் அவர் முடி வெட்டினார்; முகம் மழித்தார்; மணவினையிலும் இழவிலும் தமக்குரிய சடங்குகளைச் செய்தார். சிறு இரண மருத்துவமும் அவர் கையிலேயே இருந்தது. அவர் குடும்பத்துப் பெண்டிர் மருத்துவச்சியராய்ப் பேறு பார்த்தனர். மருத்துவமும் சவரமும் ஒரே கையில் இருந்தமை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இலண்டன் மாநகரில் 1540 முதல் 1745 வரை நாவிதரும் இரண வைத்தியரும் ஒரே தொழிற்குழுவினராகவே இருந்தனர். அங்கே முதலாளியம் வளர வளர, இரண வைத்தியர் பிரிந்து மதிப்புப் பெற்ற தொழிலினராயினர். இங்கோ, மருத்துவம் நாவிதர் கையினின்று நழுவிற்று. இழிவு மட்டும் எஞ்சிற்று.

அவ்விழிவினை மொழியே காட்டும். ‘வேலையற்ற அம்பட்டன் பூனையைச் சிரைத்தான்’ என்பது போன்ற பழமொழிகள் பல. சிரைத்தல் என்னும் வினைச்சொல்லே பேச்சுவழக்கில் வசைச்சொல்லாகிவிட்டது. இன்றியமையாத உழைப்பைப் பெற்றுக்கொண்டு உழைத்தோனை இகழும் மரபு, சாதியச் சமூகத்தின் பொது இயல்பு. இதில் மற்றொரு கூறும் உண்டு. தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களுக்கு ஊர் நாவிதரின் கத்தி மறுக்கப்பட்டது. தாழ்த்தப்பட்ட ஒருவர் தம்மினும் தாழ்த்தப்பட்டவருக்குத் தொண்டு செய்யலாகாது என்பதே விதி. ஆகவே சவரக் கத்தி, தொட்டால் ஒருவரை இழிவுபடுத்தும். தொட மறுத்தால் இன்னொருவரை இழிவுபடுத்தும் கருவியாய் இருந்தது.

3

இவ்வுறவு கடல் கடந்து ஊவா மலைகளை அடைந்தவாறு எங்ஙனம்? கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் பெரும்பாலும் பருவ காலத்து உழைப்பாளராகவே வந்தனர். பழம் பறிக்கும் காலத்தில் வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்பினர். முடியும் தாடியும் ஊருக்குத் திரும்பும் வரை காத்திருக்கலாம். 1869இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைநோய் முதன்முதலிற் பதிவாயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பொருளாதாரம் சரிந்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. எனவே குடும்பத்தோடு நிலையாகத் தங்கும் தொழிலாளர் தேவைப்பட்டனர். 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1894இல் புகையிரதப் பாதை பண்டாரவளையை எட்டியது. 1924இற் பதுளையை அடைந்தது. நிலையான குடியிருப்பு உருவாகவே, நாவிதரும் வண்ணாரும் தோட்டத்துக்கு நிலையான தேவையாயினர். கங்காணி தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆட்களைத் திரட்டி வந்தமையால், தொண்டுச் சாதியினரும் அக்கூட்டத்தோடு வந்தனர்.

தோட்டத்தில் உற்பத்தி உறவு மாறியிருந்தது. கொழுந்து பறிப்பிலும் கவ்வாத்திலும் சாதிக்கு இடமில்லை. எல்லோரும் ஒரே பெரட்டில் நின்று, ஒரே செக்ரோலிற் பெயர் பதிந்து, ஒரே துரைக்கு உழைத்தனர். ஆயினும் லயத்து வாழ்விலும் சடங்கிலும் சாதி நீடித்தது. இத்தொடர்ச்சியை ஆர். ஜயராமன் 1975இல் வெளியான தமது சமூகவியல் ஆய்விலே விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். நாவிதரைப் பொறுத்தவரையில் இவ்விரு நிலைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. களத்துமேட்டு நெல்லுக்குப் பதிலாக, இப்போது சதக் கணக்கிற் கொடுப்பனவு வந்தது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து கோயிற் பணம், சங்கச் சந்தா ஆகியவற்றோடு சலவைக்கும் சவரத்துக்குமான பிடிப்பும் கழிக்கப்படும் வழக்கம் தோட்டங்களிற் பரவலாயிற்று. பண்டம் பணமாயிற்று, ஆனால் பரம்பரைக் கடமை பரம்பரைக் கடமையாகவே நின்றது. கூலி உழைப்பின் வடிவமும் குடிமையின் உள்ளடக்கமும் ஒருங்கே அமைந்த இந்நிலை, தோட்டமுறை எவ்வாறு பழைய உறவுகளைத் தன் வசதிக்கேற்பப் பேணிக்கொண்டது என்பதற்கு நல்ல சான்றாகும். தொழிலாளரின் துப்புரவுக்கான செலவை முதலீட்டாளர் ஏற்கவில்லை. அச்செலவைத் தொழிலாளரே தம்முட் பகிர்ந்துகொள்ளுமாறு செய்து, அதனை அறவிடும் பொறுப்பை மட்டும் தோட்ட அலுவலகம் ஏற்றது.

பொழுது புலருமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டிய தொழிலாளிக்கு, சவரத்துக்கான நாள் வழமையாக ஞாயிறே. லயத்தின் முற்றத்தில் ஒருவர் பின் ஒருவராய் அமர வேண்டும். கத்தி ஒன்று, சாணைக்கல் ஒன்று, தோல்வார் ஒன்று, நீர் ஒரு கிண்ணம். வரிசையில் முதலில் அமர்ந்தவருக்குக் கூர்மையும் கடைசியில் அமர்ந்தவருக்கு எரிச்சலும் கிடைத்திருக்குமென ஊகிப்பது கடினமன்று. வரிசையின் ஒழுங்கைச் சாதியும் பதவியும் தீர்மானிக்கும் சமூகத்தில், வலியின் பங்கீடும் அவ்வொழுங்கையே பின்பற்றும். வாரம் முழுவதும் தாடியோடு மலையேறியவன், வாரத்தில் ஒருநாள் பிறர் கையைப் பார்த்துத் தன் முகத்தை மீளப் பெற்றான். துரையின் பங்களாவிலோ முகம் மழித்தல் நாள்தோறும் நிகழும் காலைக் கடன்; அதற்கான வெந்நீரை வேலையாள் கொண்டுவந்து வைப்பான். மழித்த முகமும் மழிக்காத முகமும் தோட்டத்தில் வர்க்க வேறுபாட்டின் கட்புலனாகும் குறிகளாய் இருந்தன.

4

அக்கத்தியின் உருக்கு எங்கிருந்து வந்தது என வினவுவோமாயின், வரலாற்றின் முரண் மேலும் தெளிவாகும். அப்புத்தளைக்குத் தெற்கே மலைச்சரிவு தாழ்ந்து செல்லும் பலாங்கொடைப் பகுதியில், சமனலவெவ நீர்த்தேக்கத்துக்கான பணிகளையொட்டித் தொல்லியல் ஆய்வு நடைபெற்றது. பருவக்காற்றின் விசையைக் கொண்டே இயங்கிய இரும்பு உலைகள் பல அங்குக் கண்டறியப்பட்டன. கில் ஜூலெஃப் என்னும் ஆய்வாளர் 1996இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. உயர்தர உருக்கினைத் தரவல்லவை. இலங்கை உருக்கின் புகழ் அரபு நாடுகள் வரை எட்டியிருந்தது. இதே மலையடிவாரத்தில் எஞ்சியிருந்த உருக்குச் செய்முறையினை ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியான தமது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலிற் பதிவு செய்துள்ளார்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் விளைந்த இவ்வகை உருக்கு ஐரோப்பாவில் ‘வூட்ஸ்’ எனப்பட்டது. மைக்கேல் ஃபாரடேயும் கத்தி செய்வோரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் அதன் தன்மையை ஆராய்ந்து, அதனையொத்த கலப்புருக்குகளை ஆக்க முயன்று, தம் சோதனைகளை 1820இல் வெளியிட்டனர். அவ்வுருக்கினாற் சவரக் கத்திகளும் செய்யப்பட்டன. கீழைத்தேய உலையின் அறிவு மேலைத்தேய ஆய்வுகூடத்துக்குச் சென்றது. திரும்பி வந்ததோ ஷெஃபீல்டு நகரின் கத்தி, விற்பனைப் பண்டமாக. உள்ளூர் உலைகள் இறக்குமதி உருக்கின் முன் நிற்க மாட்டாது அணைந்தன.

ஷெஃபீல்டின் கத்தியும் குருதி படியாத பண்டமன்று. 1845இல் வெளியான இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றிய நூலில், அந்நகரின் சாணைத் தொழிலாளர் கல்தூசையும் உலோகத்தூசையும் சுவாசித்து நுரையீரல் நோயால் மடிந்தமையை ஏங்கெல்ஸ் விரிவாக எழுதியுள்ளார். நீரின்றிச் சாணை பிடிப்போர் சராசரி முப்பத்தைந்து வயதை எட்டுவதும் அரிது என அவ்வூர் மருத்துவர் ஒருவரை ஆதாரங்காட்டி அவர் குறிப்பிடுகின்றார். துரையின் வழுவழுப்பான கன்னத்துக்குப் பின்னால் ஷெஃபீல்டுத் தொழிலாளியின் இருமல் இருந்தது. அவர் அருந்திய தேநீருக்குப் பின்னால் ஊவாத் தொழிலாளியின் முதுகெலும்பு இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் அறிந்திலர்.

5

இப்பின்னணியிலேயே புதிய சவரக் கருவியின் வருகையை நோக்க வேண்டும். அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெற், தேய்ந்ததும் எறிந்துவிடத்தக்க மெல்லிய இருமுனை அலகினைக் கொண்ட கருவிக்கு 1904இற் காப்புரிமை பெற்றார். 1903இல், விற்பனையின் முதலாண்டில், விலைபோனவை 51 கருவிகளும் 168 அலகுகளுமே. பதினைந்து ஆண்டுகளுக்குள் நிலை தலைகீழாயிற்று. 1918இல் அமெரிக்கப் படையினருக்கென 35 இலட்சம் கருவிகளும் 3 கோடி 20 இலட்சம் அலகுகளும் கொள்வனவு செய்யப்பட்டன. போர், ஒரு தலைமுறை ஆண்களைத் தாமே சவரம் செய்துகொள்ளப் பழக்கிற்று.

ஜில்லெற்றின் சிந்தனையில் ஒரு விசித்திர முரண்பாடு உண்டு. 1894இல் அவர் எழுதிய நூலில், சமூகத் தீமைகளுக்கெல்லாம் மூலம் போட்டியே என்றும், மக்கள் அனைவருக்கும் உரிய ஒரே நிறுவனம் எல்லாப் பண்டங்களையும் உற்பத்தி செய்ய வேண்டுமென்றும் வாதிட்டார். நயாகராவின் நீர்விசையால் இயங்கும் ஒரு மாநகரைக் கற்பனை செய்தார். வர்க்கப் போராட்டம் இல்லாமலே சோசலிசத்தை அடைய விழைந்த கற்பனாவாதியரின் வரிசையில் அவரும் ஒருவர். அவருடைய பெயரோ இறுதியில் ஓர் ஏகபோகத்தின் அடையாளமாயிற்று.

மற்றுமொரு தவறான எண்ணத்தையும் இங்கே களைதல் வேண்டும். கைப்பிடியை மலிவாகக் கொடுத்து அலகிலே இலாபம் ஈட்டும் உபாயத்தை ஜில்லெற் தொடக்கத்திலேயே கையாண்டார் எனப் பலரும் எழுதுவர். காப்புரிமை நிலவிய காலத்தில் அக்கருவியின் விலை 5 டொலர்; அஃது அக்காலத்தில் ஒரு தொழிலாளிக்குச் சிறு தொகையன்று. 1921இற் காப்புரிமை முடிவுற்றுப் போட்டியாளர் நுழையும் நிலை வந்தபோதே பழைய வடிவக் கருவியின் விலை 1 டொலராகக் குறைந்தது. சாதாரண மனிதனின் கைக்கு அக்கருவியை எட்டச் செய்தது ஏகபோகத்தின் முடிவே. மலிவு என்பது முதலாளியின் கொடையன்று என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

‘பிளேட்’ எனத் தோட்டங்களில் வழங்கலான இவ்வலகு, புகையிரதப் பாதையின் வழி கடைத்தெருவுக்கும் அங்கிருந்து தோட்டக் கடைக்கும் பரவிற்று. அதன் சமூக விளைவு இருதிறத்தது. ஒருபுறம், தன் முகத்தைத் தானே மழிக்கும் ஆற்றலை அது தொழிலாளிக்குத் தந்தது. ஊர்க் கத்தி மறுக்கப்பட்டவனின் பேரனுக்கு, எவர் சாதியையும் கேளாத ஒரு கத்தி கிடைத்தது. பணத்தின் முன் பண்டம் சாதி பார்ப்பதில்லை. முதலாளியப் பண்ட உறவின் முற்போக்குக் கூறு இதுவாகும். மறுபுறம், அதுவரை ஒரு மனிதனோடு இருந்த உறவு ஒரு கடையோடான உறவாயிற்று. பிடிப்பு முறை தொடர்ந்த இடத்தில், தானே மழித்துக்கொள்பவன் சவரப் பிடிப்பையும் கொடுத்து, அலகுக்கும் காசு கொடுக்க நேர்ந்தது. நாவிதரோ வாடிக்கையாளரை இழந்தார். குடிமையினின்று அவர் விடுபட்டது உண்மை. அவ்விடுதலை வேலையிழப்பின் வடிவிலேயே வந்தது.

6

இனி, தொழிலாளி எதைத் தெரிந்தெடுத்தான் என்பதைப் பார்ப்போம். தெரிவு என்பது சுதந்திரமான மனத்தின் செயல் எனச் சந்தைப் பொருளியலார் கருதுவர். ஊவாவின் மலைச்சரிவில் அத்தெரிவைத் தண்ணீரும் விறகும் காலநிலையும் கூலியும் முன்கூட்டியே வரையறுத்துவிடுகின்றன.

சவரத்தின் சுகத்துக்கு அடிப்படை கூர்மை மட்டுமன்று, ஈரமும் ஆகும். தாடிமயிர் சில நிமிடம் நீரில் ஊறினால் மென்மையாகும். வெந்நீராயின் விரைவில் மென்மையாகும். உலர்ந்த மயிரை அறுக்கும் அலகு, மயிரோடு தோலையும் இழுக்கும். அப்புத்தளைக் குளிரில், பீலித் தண்ணீரில், விடியுமுன் மழித்துக்கொள்பவனுக்கு இந்த எளிய அறிவியல் எரிச்சலின் வடிவிற் புலப்படும். வெந்நீருக்கு விறகு வேண்டும். விறகு சேர்ப்பதும் அடுப்பு மூட்டுவதும் பெண்ணின் உழைப்பு. ஆணின் சுகமான சவரத்துக்குள் ஊதியமில்லாப் பெண்ணுழைப்பும் அடங்கியுள்ளது என்பதைக் குறிப்பிடாது விடுதல் பொருந்தாது. குளித்து முடித்தபின் மழித்தல், விறகுச் செலவின்றி ஊறலைப் பெறும் வழி. வேலை முடித்துப் பீலிக்குச் செல்லும் மாலைப் பொழுதே அதற்கு ஏற்றது.

அடுத்தது சவர்க்காரம். துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டியையே முகத்துக்கும் பூசுவது வறிய வீடுகளில் வழக்கமாயிருந்தது. அதன் காரத்தன்மை தோலை உலர்த்தும். அதன் நுரையும் விரைவில் அடங்கிவிடும். சவரத்துக்கென ஆக்கப்பட்ட சவர்க்காரம் நுரையை நிறுத்தி அலகை வழுக்கச் செய்யும். ஒரு கட்டி பல மாதம் வருமாதலின், நாட்கணக்கில் நோக்கின் அது பெருஞ்செலவன்று. ஆனால் ஒரே நேரத்தில் முழுத் தொகையையும் எடுத்துக் கொடுக்கும் ஆற்றல் நாட்கூலியாளனுக்கு இல்லை. மொத்தத்தில் மலிவானதை வாங்க இயலாது, துண்டு துண்டாக விலை கூடியதையே வாங்குவது வறுமையின் இயல்பு. காயத்துக்குப் படிகாரக்கல் ஒன்றே போதுமானது. ஈரமுகத்தில் அதனைத் தேய்த்தால் சிறு கசிவு நிற்கும், தோலும் இறுகும். விலையுயர்ந்த நறுமணத் தைலங்கள் செய்யும் பணியின் பெரும்பகுதியை அது குறைந்த செலவில் நிறைவேற்றிவிடும்.

மூன்றாவது அலகு. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஊவாவின் காற்று ஈரம் மிக்கது. பழைய கரியுருக்கு அலகுகள் ஓரிரு பயன்பாட்டிலேயே துருவேறின. 1960களின் தொடக்கத்தில் வில்கின்சன் நிறுவனம் துருவேறா உருக்கு அலகைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் அந்நிலை மாறியது. ஓரலகைப் பல முறை பயன்படுத்தல் இயலுவதாயிற்று. பயன்படுத்திய பின் நீரை உதறி உலரவைத்தால், அதன் ஆயுள் கூடும். கவ்வாத்துக் கத்திக்குச் சாணை பிடிக்கத் தெரிந்த தொழிலாளிக்கு, முனையின் குணத்தை எவரும் புகட்ட வேண்டியதில்லை. மயிர் வளரும் திசையிலே, அழுத்தாமல், சிறு சிறு இழுப்பாக மழித்தலே காயந் தவிர்க்கும் முறை என்பதை அவன் கை தானே அறிந்துகொண்டது.

1970களில் இரட்டை அலகுப் பொதியும், முழுவதும் எறிந்துவிடும் நெகிழிக் கருவியும் வந்தன. பின்னர் மூன்றும் ஐந்துமாக அலகுகள் பெருகின. இவற்றின் பொருளியலைத் தெளிவாக உணர வேண்டும். இருமுனை அலகு எந்த நிறுவனத்தின் கைப்பிடியிலும் பொருந்தும். ஆகவே விற்போரிடையே போட்டி நிலவும், விலை தாழும். பொதியலகோ தனக்குரிய கைப்பிடியில் மட்டுமே பொருந்தும். ஒருமுறை கைப்பிடியை வாங்கியவன் அந்நிறுவனத்தின் நிரந்தர வாடிக்கையாளனாகிறான். கைப்பிடியின் விலையைக் கண்டு மயங்காது, ஒரு சவரத்துக்கு அலகுச் செலவு எவ்வளவு என்று கணக்கிடுபவனே உண்மை மலிவைக் காண்பான். அவ்வாறு கணக்கிடின், உலோகக் கைப்பிடியும் சாதாரண இருமுனை அலகும் இன்றும் வறியவனுக்கு ஏற்றவையாகவே உள்ளன. நெகிழிக் கருவி வாங்கும் நாளில் மலிவாகத் தோன்றினும், விரைவில் மழுங்கி, மீண்டும் மீண்டும் செலவு வைக்கும்.

பன்னாட்டு நிறுவனங்களும் இதனை அறியாதவையல்ல. இந்திய ஆண்களுக்கென ஆக்கிய ஒரு கருவியை, முதலில் அமெரிக்காவிற் பயின்ற இந்திய மாணவரிடம் சோதித்து ஜில்லெற் நிறுவனம் தோல்வி கண்டது. அம்மாணவரிடம் குழாய்நீர் இருந்தது. இந்திய வறியவரிடமோ ஒரு குவளை நீரே இருந்தது. பின்னர் வீடுகளுக்கே சென்று கண்டறிந்து, ஓரலகு மட்டும் கொண்டதும் சிறிதளவு நீரிற் கழுவக்கூடியதுமான கருவியை 2010இல் இந்தியாவில் 15 ரூபாவுக்கும், அதன் அலகை 5 ரூபாவுக்கும் விற்பனைக்கு விட்டது. வறுமையை ஒழிப்பதற்கு மாறாக, வறுமையை அளந்து அதற்கேற்பப் பண்டம் ஆக்கும் திறன் முதலாளியத்துக்கு உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

7

உழைப்புச் சக்தியின் பெறுமதியில் ஒரு வரலாற்றுக் கூறும் ஒழுக்கவியற் கூறும் உண்டு என மார்க்ஸ் மூலதனத்தின் முதற் பாகத்திற் கூறுவார். உயிர்வாழ்வதற்கு எவ்வளவு வேண்டும் என்பதை வயிறு மட்டும் தீர்மானிப்பதில்லை. மனிதனாக வாழ எது தேவை என ஒரு சமூகம் ஏற்றுக்கொண்டுள்ளதோ அதுவும் தீர்மானிக்கின்றது. ஊவாத் தொழிலாளியின் கூலியில் இக்கூறுக்கு எந்த அளவு இடம் தரப்பட்டது? 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929 முதல் மலைநாட்டுத் தோட்டங்களில் நடைமுறைக்கு வந்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். அரிசியை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்ட கூலி அது. முகத்துக்கு அதில் எஞ்சியது சொற்பமே. ஆண் பெண் கூலிச் சமத்துவம் 1984இலேயே வந்தது. 1,000 ரூபா நாட்கூலி பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இலேயே வர்த்தமானி வழி அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்து, அவ்வுயர்வின் பயன் பெருமளவு கரைந்துபோயிற்று. கூலி பற்றிய பேச்சுவார்த்தை ஒவ்வொன்றிலும் கிலோக் கணக்கிற் கொழுந்து பேசப்படுகின்றது. மனிதனின் தோற்றத்துக்கும் மதிப்புக்கும் வேண்டியவை பேசப்படுவதில்லை. பதுளைக்கு அண்மையில் உள்ள வேவெஸ்ஸத் தோட்டத்தில் 1940இற் போராடிய தொழிலாளர் தாமே தெரிந்த சபையொன்றை நிறுவியபோது, அவர்கள் கோரியது கூலியை மட்டுமன்று. தம்மை மனிதராக மதித்துப் பேசும் உறவையும் ஆகும்.

1948 நவம்பரை இங்கு நினைவுகூர்தல் தகும். அம்மாத இறுதியில் இந்திய அரசியல் நிர்ணய சபையிலே, எவரும் புகத்தக்க ‘கடை’ என்பது சவரக் கடையையும் உள்ளடக்குமா என்ற ஐயம் எழுந்தது. சேவை வழங்கும் எவரையும் தழுவும் பரந்த பொருளிலேயே அச்சொல் ஆளப்பட்டுள்ளதென அம்பேத்கர் விளக்கினார். தீண்டாமை ஒழிப்பு விதியும் அவ்வமயமே ஏற்கப்பட்டது. அதே மாதம் 15ஆம் நாள் இலங்கையிற் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, ஊவாத் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. குடிமகன் என்னும் சொல்லின் புதிய பொருள் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. பழைய பொருளோ லயத்து முற்றத்தில் தொடர்ந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. நாடற்ற நிலையில் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

இதற்கிடையில் சவரத் தொழிலாளரும் மாறினர். லயத்து முற்றத்திலிருந்து நகரத்துச் சலூனுக்கு அவர்தம் தொழில் நகர்ந்தது. சாதிக் கடமை விலையிட்ட சேவையாயிற்று. சலூன், நாளிதழ் படிக்கும் இடமாகவும் அரசியல் பேசும் இடமாகவும் அமைந்தது. யாழ்ப்பாணத்திலே சலூன் தொழிலாளியாய் இருந்த டொமினிக் ஜீவா, 1966இல் மல்லிகை இதழைத் தொடங்கி ஈழத்து முற்போக்கு இலக்கியத்தின் முக்கிய களமாக அதனை வளர்த்தெடுத்தமை நாம் அறிந்ததே. 2021இல் அவர் மறையும் வரை, தம் தொழிலையோ பிறப்பையோ மறைத்தவரல்லர். சிரைத்தல் என்பதை வசையாக்கிய மொழியிலேயே, சலூன் நாற்காலியின் அருகிலிருந்து ஓர் இலக்கிய இயக்கம் பேசியது. 1980களுக்குப் பின் குருதிவழித் தொற்று பற்றிய விழிப்பு ஏற்பட, சலூன்களிற் பழைய கத்திக்குப் பதிலாக ஆளுக்கொரு புதிய அரையலகு பொருத்தும் கைப்பிடி பரவியது. இன்று சலூன் தொழிலாளியும் வீட்டில் மழிப்பவனும் ஒரே அலகையே விலைக்கு வாங்குகின்றனர். ஒரு காலத்தில் ஊழியம் செய்தவனும் செய்வித்தவனும், சந்தையின் முன் ஒரே நிலை நுகர்வோராய் நிற்கின்றனர். இருவரையும் ஒன்றுபடுத்தக்கூடிய பொருளியல் அடித்தளம் இதுவே. அதனை உணரவிடாது தடுப்பது எஞ்சியுள்ள சாதியுணர்வு.

ஆகவே, ஊவாத் தொழிலாளிக்கு ஏற்ற சவரக் கருவி யாது என்ற வினாவுக்கு, உலோகக் கைப்பிடி, துருவேறா இருமுனை அலகு, சவரச் சவர்க்காரம், படிகாரம் என விடை கூறல் எளிது. அவற்றை வாங்கத்தக்க கூலி, விறகு சுமக்காமலே கிடைக்கும் வெந்நீர், உரிமையோடு நிற்கத்தக்க சொந்த வீட்டு முற்றம் ஆகியன இன்றி அவ்விடை முழுமை பெறாது. குடிமகன் என்னும் சொல்லின் பழைய பொருள் தோட்டங்களிலிருந்து முற்றாக மறையவும், அதன் புதிய பொருள் ஏட்டளவில் நில்லாது வாழ்வில் நிலைபெறவும் வேண்டும். மலையக ஆய்வாளரும் எழுத்தாளரும் தம் கவனத்தை இத்தகைய சிறு பொருள்களின்பாலும் செலுத்துவாராயின், அப்பணிக்கு அஃது உறுதுணையாகும் என்பதில் ஐயமில்லை.